டிஸ்சார்ஜ் சீட்டும் ஐந்தாம் வார்த்தையும்

என் பித்தப்பை என்னைவிட்டுப் போய் ஐந்து வாரம் ஆகிறது. அது போன விதம் சுலபம். மொத்தம் நாற்பது நிமிடம்தான் என்று சர்ஜன் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியைவிட்டு நான் போன விதம்தான் அவ்வளவு சுலபமாக இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆபரேஷனைப் பற்றி விசாரிக்கிறார்கள். தையல் போட்ட இடத்தைக் காட்டச் சொல்கிறார்கள். டிஸ்சார்ஜைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே கேட்காமலே எழுதி வைக்கிறேன். இதில் வரும் நேரங்கள் அந்தந்த நேரத்திலேயே நோட்டில் குறித்தவை. நினைவிலிருந்து எடுத்தவை அல்ல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் முன்னே பின்னே வீட்டுக்குப் போவதில் இந்த மனிதனுக்கு என்ன வந்தது என்று தோன்றும். எங்கள் சபையில் பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை ஆராதனை நடக்கும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை அன்று ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். வார்த்தை என்பது இங்கே ஒரு சொல் அல்ல, ஒரு வாக்கியம். ஆயர் ஒன்றைப் பேசுவார், மற்ற ஆறும் சபையாருக்கு. யாருக்கு எந்த வார்த்தை என்பதில் நடக்கும் போட்டியை வெளியிலிருந்து பார்ப்பவர் நம்பமாட்டார். இருபத்தாறு ஆண்டுகளில் எனக்கு ஒரு வார்த்தையும் கிடைத்ததில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வரைபடம் போடச் சொன்னார்கள்; ஞானஸ்நானப் பதிவேட்டைப் புதிதாக எழுதச் சொன்னார்கள்; சபையின் வரலாற்றைத் தொகுக்கச் சொன்னார்கள். பேச மட்டும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது: ஐந்தாம் வார்த்தை, திரு. ஞானமுத்து. ஐந்தாம் வார்த்தை ‘தாகமாயிருக்கிறேன்’ என்பது.

அன்றிலிருந்தே எழுதத் தொடங்கினேன். பாலைவன நாடுகளின் கிணறுகள், கப்பலில் தண்ணீர் தீர்ந்துபோன மாலுமிகள், கோடையில் எங்கள் குன்னூருக்குத் தண்ணீர் வரும் நாட்கள் என்று பல புத்தகங்களிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் சேகரித்து இருபத்திரண்டு பக்கம் வந்தது. நிறுத்தாமல் படித்தால் பதினாலு நிமிடம் ஐம்பது வினாடி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம்தான், பதின்மூன்றாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தவனே நான்தான். அதற்கு முந்தின ஆண்டு தேவநேசன் வாத்தியார் நான்காம் வார்த்தையை நாற்பத்தோரு நிமிடம் பேசியிருந்தார். உபவாசம் இருந்த இரண்டு பேர் பெஞ்சிலேயே சரிந்துவிட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு வாத்தியார் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த ஆண்டு அவருக்கு வார்த்தை எதுவும் இல்லை. யாராவது வரமுடியாமல் போனால் பேசுவதற்கு மாற்று ஆளாக அவர் பெயரைப் போட்டிருந்தார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று காலை 9.35க்கு, ஊர்வலம் கோயில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டு முறுக்கியது போல ஒரு வலி வந்தது. அது முதுகுக்குப் போய் வலது தோள்பட்டையில் ஏறி உட்கார்ந்தது. கையிலிருந்த ஓலையோடு அப்படியே சாலையோரம் உட்கார்ந்தேன். 10.40க்குக் குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தேன். ஓலை அப்போதும் கையில்தான் இருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் பசை போலக் குளிர்ந்த ஒன்றைத் தடவி ஒரு கருவியை உருட்டுவார்கள். ஒலி அலை உள்ளே போய்த் திரும்பி வந்து படமாகும். குன்னூர்க் குளிரில் அந்தப் பசைதான் சிகிச்சையிலேயே கொடுமையான பகுதி என்று அப்போது நினைத்தேன். பித்தப்பையில் கற்கள், பை வீங்கியிருக்கிறது என்றார்கள். ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்து, நாம் எண்ணெய்ப் பலகாரம் தின்னும்போது எடுத்துவிடும் சிறிய பை அது. இல்லாமலும் மனிதன் வாழலாம். எத்தனை கற்கள் என்று கேட்டேன். ‘பல’ என்று எழுதியிருக்கிறது என்றார்கள். ‘பல’ என்பது எண் அல்ல என்று சொன்னேன். (ஆபரேஷனுக்குப் பின் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பதினேழு.)

கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டையை மாட்டினார்கள்: வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. சோறு இல்லை, தண்ணீரும் இல்லை. எல்லாம் கையில் குத்திய ஊசி வழியே பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக. ஐந்தாம் வார்த்தைக்கு இதைவிட நல்ல தயாரிப்பு வேறு யாருக்கும் கிடைக்காது என்று என் மனைவி கிரேஸ் சொன்னாள். அவள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டு ஆசிரியையாக இருந்தவள். அவளுடைய ஆறுதல்கள் பெரும்பாலும் இந்த வகை.

பயமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை தியேட்டருக்குப் போகுமுன் சம்மதப் பத்திரம் கொண்டுவந்தார்கள். நான்கு பக்கம். முழுவதும் படித்தேன். என்னென்ன ஆகலாம் என்று அதில் வரிசையாக இருந்தது. கடைசி வரியில் மரணமும் இருந்தது. மயக்க மருந்து டாக்டர் தள்ளுவண்டியின் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். கிரேஸ் என் கையைப் பிடித்து, “போடுங்க. உங்குளுக்கு வெள்ளிக்கெழம வேலை இருக்குது, அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது” என்றாள். போட்டேன். தேதியும் நேரமும் சேர்த்தே போட்டேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வயிற்றில் நான்கு சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். பெரிய வெட்டு கிடையாது. அதனால்தான் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்ப முடிகிறது. புதன்கிழமை வராந்தாவில் நடந்தேன். கஞ்சித் தண்ணீர், பிறகு இட்லி.

வியாழக்கிழமை காலை 9.10க்கு சர்ஜன் வந்தார். நிர்மலா என்று பெயர், சின்ன வயதுதான். துளைகளைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், பைலில் ஏதோ எழுதினார்.

“நாளைக்கிக் கோயில்ல பேசணும்னு சொன்னீங்கல்ல? இன்னைக்கே வீட்டுக்குப் போலாம் சார்.”

அந்த வாக்கியத்துக்கு அவ்வளவுதான் பொருள் என்று நான் நம்பினேன். ஆவணப் பிரிவில் முப்பத்துமூன்று ஆண்டு குப்பை கொட்டிய ஒருவன் அப்படி நம்பியிருக்கக் கூடாது. வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் சிவிலியன் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்பது தெரிந்தவன். இருந்தும் 9.15க்குச் சட்டை மாற்றிக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கிரேஸ் கம்பளியைச் சுருட்டிக் கட்டினாள்.

“போலாம்” என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரியில் பயணம் தொடங்குகிறது. நோயாளி இருந்த இடத்திலேயே இருப்பார். பயணம் போவது அவருடைய பைல். அது முதலில் மருந்தகத்துக்குப் போகும், மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்க. அங்கிருந்து ஆபீசுக்கு. அங்கே டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகும்: எப்போது வந்தார், என்ன நோய், என்ன செய்தோம், வீட்டில் என்ன மாத்திரை. அது டாக்டரின் கையெழுத்துக்கு வரும். அப்புறம் முத்திரைக்கு. அப்புறம் வார்டுக்கு. நோயாளி கையெழுத்துப் போட்ட பிறகுதான் கையிலிருக்கும் ஊசியை எடுப்பார்கள். ஊசி இருக்கும்வரை ஒருவரும் ஓடிப்போக முடியாது. விலங்குக்குப் பதில் அதுதான்.

பக்கத்துக் கட்டிலில் முருகையா இருந்தார். தேவர்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலை பாக்டரியில் வேலை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி அவருக்கும் அன்றுதான் டிஸ்சார்ஜ். அவருடைய காகிதம் 11.50க்கு வந்தது. வார்டு சிஸ்டர் பின்சி நீட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட வேகத்தில் காகிதம் கிழிந்திருக்க வேண்டும்.

“படிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“எதையண்ணே?”

“கையெழுத்துப் போட்டீங்களே, அதை.”

“வயித்துல தள்ளிட்டு நின்னது உள்ள போயிருச்சு. பேப்பர்ல என்னத்த எழுதுனா எனக்கென்னண்ணே? எனக்கு வேண்டியது ஜீப்பு.”

ஜீப்தான் வரவில்லை. எஸ்டேட் ஜீப் வெள்ளிக்கிழமைதான் குன்னூர்ப் பக்கம் வருமாம். எல்லாக் காகிதமும் முடித்துவிட்ட அந்த மனிதர், வண்டி இல்லாததால் இன்னொரு நாள் அதே கட்டிலில் இருக்க அனுமதி வாங்கிக்கொண்டு படுத்துவிட்டார். பரிதாபமாகத்தான் பார்த்தேன்.

12.15க்கு என்னுடையது வந்தது. ஆபீசில் டைப் அடிக்கும் லில்லி தானே கொண்டுவந்தாள். டாக்டர் நிர்மலாவின் கையெழுத்து, முத்திரை, இரண்டு பிரதி. கீழே ஒரு கோடு, அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கிரேஸ் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

நான் படித்தேன்.

“அட்மிஷன் திங்கட்கிழமைன்னு இருக்கும்மா. நான் வந்தது ஞாயித்துக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவுங்க சார். திங்கக்கிழமைதான் நம்பர் போட்டோம். கம்ப்யூட்டர் அந்தத் தேதியத்தான் எடுக்கும்.”

“நம்பர் திங்கட்கிழமை வந்தது. நான் ஞாயித்துக்கிழமை வந்தேன். பத்து நாப்பதுக்கு. கையில குருத்தோலை இருந்தது.”

“தெரியும் சார், எல்லாரும் சொன்னாங்க. ஆனா இதுல ஒரு நாள் முன்ன பின்ன இருந்தா எதுவும் ஆகாதுங்க சார். நீங்க கையெழுத்துப் போடுங்க, எனக்கு பன்னெண்டரைக்கு லீவு, சாயங்காலம் கோயில் இருக்குது.”

“ஒரு ஆவணத்துல தேதி தப்பா இருந்தா அது ஆவணமே இல்ல.”

இதை நான் சொன்னேன். மறைக்கவில்லை. அதோடும் நிற்கவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு பிரதியிலும் ‘திங்கள்’ என்பதன் மேல் கோடிட்டு, பக்கத்தில் ‘ஞாயிறு’ என்று எழுதி, குறுக்கே ‘திருத்தி மீண்டும் தரவும்’ என்று எழுதிச் சுருக்கொப்பமும் வைத்தேன். முப்பத்துமூன்று ஆண்டு பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது.

லில்லி அந்தக் காகிதங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “இனி இது செல்லாதுங்க சார். புதுசா அடிச்சு டாக்டர்கிட்ட மறுபடி கையெழுத்து வாங்கோணும்” என்றாள். வாங்கி வா என்றேன். ஓடினாள். 12.35க்குத் திரும்பி வந்து, டாக்டர் 12.20க்கே கோயமுத்தூருக்குக் கிளம்பிவிட்டார், திங்கட்கிழமைதான் வருவார் என்றாள். பிறகு அவளும் கிளம்பிவிட்டாள்.

12.40க்கு கிரேஸ் மாத்திரைப் பையோடு வந்தாள்.

“என்னுங்க, கெளம்பலாமா?”

நடந்ததைச் சொன்னேன். சரி என்னுடையதுதான் என்பது விளங்கும்படியாக வரிசைப்படுத்திச் சொன்னேன். அவள் சுருட்டிக் கட்டிய கம்பளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏனுங்க, பேப்பர் கைக்கு வந்துதா?”

“வந்துது.”

“டாக்டர் கையெழுத்து இருந்துதா?”

“இருந்துது.”

“நீங்க ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இந்நேரம் ஊட்டுல இருந்திருப்போமா?”

“தேதி தப்பும்மா.”

“இருபத்தாறு வருசம் காத்துக் கெடந்தீங்க. ஒரு நாளுக்காக அதத் தூக்கிக் கெடாசிட்டு வந்து, தேதி தப்பும்மாங்கறீங்க.” அவள் குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் பேசினால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே அழுதுவிடுவார்கள்.

முருகையா கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “அக்கா, நான் படிக்காமயே போட்டேன்க்கா” என்றார். அது எனக்கு ஆதரவா எதிரா என்று இன்னும் தெரியவில்லை.

காற்று நின்றுபோய் நடுக்கடலில் நாட்கணக்கில் அசையாமல் கிடந்த பாய்மரக் கப்பல்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்த மாலுமிகளுக்குக் குறை சொல்லக் காற்று இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு மனம் மாறி, சிஸ்டர் பின்சியிடம் போய், பழைய காகிதத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். கூடலூர்க்காரப் பெண், பாதித் தமிழ் பாதி மலையாளத்தில் எல்லாரையும் அதட்டுவாள். பைலைத் திறந்து இரண்டு பிரதியையும் தூக்கிக் காட்டினாள். சிவப்பு எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது.

“எந்தா அங்கிளே இது! டிஸ்சார்ஜ் பேப்பரா, பரீட்சை பேப்பரா? இதில இனி மார்க்குதான் போடணும்.”

வெள்ளிக்கிழமை காலை பின்சியே ஒரு வழி சொன்னாள். டாக்டரின் ஆலோசனையை மீறி, என் சொந்தப் பொறுப்பில் வெளியேறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த நிமிடமே போகலாம். அதற்கு அச்சடித்த படிவம் இருக்கிறது. கொடுத்தாள். படித்தேன்.

“டாக்டர் போகச் சொல்லிட்டாங்களே. அவங்க பேச்சை மீறிப் போறேன்னு நான் எப்படி எழுதறது? அது பொய்யாச்சே.”

பின்சி கிரேஸைப் பார்த்தாள். கிரேஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

“அங்கிள், இந்தப் படிவத்தை ஆரும் படிக்கமாட்டாங்க.”

“பெரிய வெள்ளியன்னைக்குப் பொய்க் கையெழுத்தா?”

“ஆண்ட்டி,” என்றாள் பின்சி, “நீங்க சொர்க்கத்துக்குத்தான் போவீங்க. அதில டவுட்டே இல்ல.”

இனி ஒரே வழிதான். டூட்டி டாக்டரால் டிஸ்சார்ஜ் செய்ய முடியாது. அது சர்ஜனின் கையெழுத்து. ஆனால் சில மணி நேரத்துக்கு வெளியே போய்வர பாஸ் எழுதிக் கொடுக்கலாம். அந்த டூட்டி டாக்டர் காலை ஒன்பதிலிருந்து அவசரப் பிரிவில் இருந்தார். பர்லியார் பக்கத்தில் ஒரு வேன் கவிழ்ந்துவிட்டதாம். அடிபட்டவர்களை விட்டுவிட்டு எனக்குச் சீட்டு எழுத வாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? காத்திருந்தேன்.

11.15க்கு கிரேஸ் எழுந்தாள். “ரெண்டு பேரும் இங்கயே உக்காந்து என்ன பண்ணறது? அந்தப் பேச்சு நோட்டக் குடுங்க. தேவநேசன் வாத்தியார்கிட்டக் குடுத்து அதையே படிக்கச் சொல்றேன். உங்க பேச்சாவது கோயிலுக்குப் போகட்டும்.”

இருபத்திரண்டு பக்கத்தையும் கொடுத்தேன். கொடுக்கும்போது, “ஏழாம் பக்கத்துல கப்பல் வருது, அங்க கொஞ்சம் நிறுத்திப் படிக்கச் சொல்லு” என்றேன். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆராதனையின் நேரப் பட்டியல் எனக்கு மனப்பாடம், அதைத் தயாரித்தவன் நானே. தொடக்கப் பாட்டும் ஜெபமும் பத்து நிமிடம். பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் பாட்டோடு சேர்த்து இருபத்திரண்டு நிமிடம். 12.10 முதல் வார்த்தை. 12.32 இரண்டாவது. ஐந்தாவது 1.38க்கு. கட்டிலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தபடி, வாழ்நாளில் முதல் முறையாக எங்கள் சபையார் யாராவது நீட்டி முழக்கிப் பேசமாட்டார்களா என்று ஏங்கினேன். நடக்காது என்பதும் தெரியும். மணி அடிக்கும் பொறுப்பைக் கண்டிப்பான ஒருவரிடம் கொடுத்திருந்தேன். தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தேன்.

1.05க்கு டூட்டி டாக்டர் வந்தார். சட்டைக் கையில் ரத்தக் கறை; கண்ணில் தூக்கம். வேனில் வந்தவர்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று பின்சி சொன்னாள். அவர் என் வயிற்றைப் பார்த்தார், நின்றபடியே பாஸ் எழுதினார்.

“நாலு மணிக்குத் திரும்பி வந்துடணும். ஊசி கையிலயே இருக்கட்டும். மேல துணி சுத்தி விடுங்க சிஸ்டர்.” போகும்போது திரும்பி, “தேதி சரியா போட்டிருக்கேனான்னு பாத்துக்குங்க சார்” என்றார். அதுவரைக்கும் போயிருந்தது செய்தி. சரியாகத்தான் போட்டிருந்தார்.

பாஸ் கிடைத்தது, வண்டி கிடைக்கவில்லை. விடுமுறை நாள், ஸ்டாண்டில் ஆட்டோ இல்லை. 1.20க்கு முருகையாவின் எஸ்டேட் ஜீப் வாசலில் வந்து நின்றது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், என்னைப் பார்த்து நின்றார்.

“ஏறுங்கண்ணே. ஊட்டி ரோட்டுலதான போறோம், எறக்கி விட்டுட்டுப் போறோம்.”

முன் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, புதுத் தையலோடு அவர் பின்னால் உர மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

“நான் படிக்காமப் போட்டும் ஒரு நாள் லேட்டு. நீங்க படிச்சுப் போடாம இருந்தும் ஒரு நாள் லேட்டு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே!” டிரைவர் சிரித்ததில் ஜீப் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

1.42க்குக் கோயில் மேட்டின் அடிவாரத்தில் இறங்கினேன். நாற்பத்துநான்கு படிகள். ஒவ்வொன்றாக ஏறினேன். பாட்டுச் சத்தம் இல்லை, யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். தேவநேசன் வாத்தியாரின் குரலுக்கு மைக் தேவையில்லை, தெருவரை கேட்கும். இது அவர் குரல் இல்லை. இருபதாவது படியில் யார் என்று தெரிந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வயிற்றை மறந்து ஏறி, வாசல் தூணோடு சாய்ந்துகொண்டேன்.

“…எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாதுங்க. ரெண்டாங்கிளாசுக்குப் பாடம் நடத்துனவ, சத்தமாப் பேச மட்டுந்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை ராத்திரி அவுருக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு அட்டை மாட்டியிருந்தாங்க. பக்கத்துலயே என்ற பிளாஸ்க்கு, நெறையத் தண்ணி. மயக்கத்துல பதினோரு தடவ தண்ணி கேட்டாரு. எண்ணி வெச்சிருக்கேன், எந்திரிச்சதும் எத்தன தடவைன்னு கேப்பாருன்னு எனக்குத் தெரியும்.”

சபை சிரித்தது. பெரிய வெள்ளி ஆராதனையில் சிரிப்புச் சத்தத்தை நான் அதற்கு முன் பதிவு செய்ததில்லை.

“பஞ்ச நனைச்சு ஒதட்டுல வெக்க மட்டும் சிஸ்டர் விட்டாங்க. நானும் குடிக்கலைங்க. அவுரு அப்படிக் கேக்கறப்ப எனக்கெப்படித் தொண்டையில எறங்கும்? இத்தன வருசமா இந்த வார்த்தையில தாகம் எடுத்தவரப் பத்தியேதான் கேட்டிருக்கேன். சிலுவைக்குக் கீழ ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்களே. மகன் தண்ணி கேக்கறாரு. ஊர்ல தண்ணி இருக்குது. கைக்கு எட்டுது, குடுக்கத்தான் முடியல. அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிஞ்சுது. அவ்வளவுதானுங்க.”

உட்கார்ந்துவிட்டாள். ஆறு நிமிடம் இருக்கலாம். எச்சரிக்கை மணி அடிப்பவர் கையைத் தூக்கவே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் பல பெஞ்சுகளிலிருந்து வந்தது.

என் இருபத்திரண்டு பக்கத்தில் கிணறுகள் இருந்தன, கப்பல்கள் இருந்தன. அந்த அம்மா ஒரு வரியிலும் இல்லை. நேரம் குறிக்கும் நோட்டை எடுத்துச் செவ்வாய் இரவுக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். புதன் காலையில் என் கையெழுத்தில், கோணலாக: ‘இரவு நல்ல உறக்கம். குறிப்பிடத்தக்க நிகழ்வு ஒன்றுமில்லை.’

ஆராதனை முடிந்து எல்லாருக்கும் கஞ்சி கொடுத்தார்கள். எனக்கு டாக்டர் சொன்ன ஆகாரமும் அதுதான். கையில் ஊசியும் துணியுமாக நிற்பவனைப் பார்த்துச் சிலர் பதறினார்கள். பலர் என்னைத் தாண்டி கிரேஸிடம் போனார்கள். தேவநேசன் வாத்தியார் என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு ஆண்டுக்குப் பிறகு பேசினார்.

“உங்க நோட்ட அம்மா குடுத்தாங்க. ‘எங்கிட்டயே சொந்தமா ஒண்ணு தயாரா இருக்குதுங்க’ன்னேன். ‘அப்ப ரெண்டும் வேண்டாம்’னுட்டு ஆயர்கிட்டப் போயி நின்னுட்டாங்க.” கஞ்சியை ஒரு வாய் குடித்தார். “எனக்கு நாப்பது நிமிசத்துக்கு இருந்துதுங்க, ஞானமுத்து.”

“எனக்குப் பதினாலு அம்பது” என்றேன். இரண்டு பேரும் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

3.25க்கு ஒரு ஆட்டோ கிடைத்தது. நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை சர்ஜன் வந்து கையெழுத்துப் போடும்வரை கணக்கில் நான் நோயாளிதான். கிரேஸும் உடன் ஏறினாள். வளைவுகளில் என் வயிற்றின் மேல் அவள் கைப்பையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சிம்ஸ் பார்க் தாண்டினோம். பிறகு கேட்டேன்.

“பதினோரு தடவையா?”

“பன்னெண்டு. ஒண்ணக் கோயில்ல சொல்லல.”

“ஏன்?”

“பன்னெண்டாவது தடவ நீங்க தண்ணி கேக்கலீங்க. கண்ணத் தொறந்து மணி என்னன்னு கேட்டீங்க.”

“சொன்னியா?”

“ரெண்டு பதினஞ்சுன்னேன். சரின்னுட்டுத் தூங்கிட்டீங்க.”

நான் நோட்டை எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“சரியாத்தான் சொன்னேன், எழுதிக்குங்க. என்ற வாட்ச் அஞ்சு நிமிசம் வேகம். கழிச்சுட்டுத்தான் சொன்னேன்.”